வாண்டில் ஆற்றில் தூண்டிலைவிட ரப்பர் கையுறைக்குத்தான் வேலை அதிகம்

எங்கள் மீன்பிடி கிளப்பின் உறுப்பினர் அட்டையில் ட்ரவுட் மீன் பிடிக்கும் பருவம் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை என்று அச்சடித்திருக்கும். சட்டப்படி அது சரிதான், தேம்ஸ் வட்டாரத்து ஆறுகளில் பழுப்பு ட்ரவுட்டுக்கு அதுதான் காலம். ஆனால் கொஞ்ச காலம் கிளப்பில் இருந்தவர் யாரைக் கேட்டாலும் பருவம் தொடங்குவது அக்டோபரில் என்பார்கள், தூண்டிலைத் துடைத்து அலமாரிக்குள் வைத்த பிறகு. அந்தக் குளிர்கால ஆறு மாதத்தில் நாங்கள் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பொறுத்துத்தான் அடுத்த கோடையில் தண்ணீரில் மீன் இருக்கும்.

நான் சொல்வது தெற்கு லண்டனில் ஓடும் வாண்டில் ஆற்றை. டூட்டிங், கோலியர்ஸ் வுட், மிச்சம் பக்கம் இருக்கிற தமிழர்கள் தினமும் கடந்து போகிற ஆறுதான். அதில் பலர் அதை சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் போகிற ஏதோ வாய்க்கால் என்று நினைத்திருக்கிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சில இடங்களில் அது அப்படித்தான் தெரியும். க்ராய்டனிலும் கார்ஷல்டனிலும் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊற்றாகப் புறப்பட்டு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஓடி வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸில் கலக்கிறது. இந்த மாதிரி சுண்ணாம்பு ஊற்று ஆறுகள் உலகத்திலேயே 200 சொச்சம்தான், பெரும்பகுதி இங்கிலாந்தில். மழை பாறைக்குள் இறங்கி வடிந்து, வெயில் காலமோ பனிக் காலமோ 10, 11 டிகிரியிலேயே வெளியே வரும். தெளிந்த தண்ணீர், குளிர்ச்சி, அடியில் சரளைக்கல். ட்ரவுட்டுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு காலத்தில் இது பேர்போன ட்ரவுட் ஆறு. மெர்ட்டனில் 1801-இல் வீடு வாங்கிய நெல்சன், வலது கையைப் போரில் இழந்தவர், இடது கையால் இங்கே தூண்டில் போட்டார் என்று சொல்வார்கள். ஆனால் கரையில் மூக்குப்பொடி ஆலை, செம்பு ஆலை, தோல் பட்டறை, துணி அச்சுப் பட்டறை என்று வரிசையாகப் பெருகி, எந்தச் சாயம் ஓடுகிறதோ அன்றைக்கு ஆறு அந்த நிறம். திருப்பூர்ப் பக்கம் நொய்யலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1960-களில் வாண்டிலை அதிகாரபூர்வமாகவே சாக்கடை என்று எழுதி வைத்துவிட்டார்கள். அங்கிருந்து ட்ரவுட் மறுபடி தானாக முட்டையிடுகிற நிலைக்கு வந்திருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் நிறைய பேருடைய ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. சரி, வரலாறு போதும்.

அக்டோபரில் எங்கள் முதல் வேலை, எங்கெல்லாம் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று முடிவு செய்வது. ட்ரவுட் நவம்பர் முதல் ஜனவரி வரை முட்டையிடும். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து அடித்துச் சரளையைக் கிளப்பிப் பள்ளம் பறிக்கும், முட்டையை அதில் விட்டதும் சற்று மேலே நகர்ந்து மறுபடி வாலால் அடித்து அந்தக் கல்லாலேயே மூடிவிடும். இந்தப் பள்ளத்தை இங்கே ரெட் என்பார்கள். 10 டிகிரித் தண்ணீரில் முட்டை பொரிக்கச் சுமார் 40 நாள், பொரித்த பிறகும் குஞ்சு சில வாரம் கல்லிடுக்கிலேயே மஞ்சள்கருப் பையோடு கிடக்கும். அதன்மேல் ஒருவர் பூட்ஸ் காலை வைத்தால் அந்தக் குடும்பமே போச்சு. அதனால் நவம்பர் முதல் மார்ச் கடைசி வரை ஆற்றின் மேல்பகுதியில் சரளைத் திட்டு உள்ள எந்த இடத்திலும் எங்கள் ஆட்கள் கால் வைப்பதில்லை, நாயோடு வருகிறவர்களிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்.

ரெட்டைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். தண்ணீரின் பளபளப்பை மறைக்கிற போலராய்டு கண்ணாடி இல்லாமல் போனால் நேர விரயம். வெயில் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி கரையில் மெதுவாக நடந்தால், பாசி படிந்து கறுத்த கற்களுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் கழுவி வைத்ததுபோல் வெளுத்துத் தெரியும், மேல்பக்கம் பள்ளம், அதை ஒட்டிக் கீழ்ப்பக்கம் சிறு மேடு. பள்ளமும் மேடும் இரண்டும் இருந்தால்தான் கணக்கில் எடுப்போம், வெறும் வெளுப்பு வாத்து கிளறியதாகக்கூட இருக்கலாம். பார்த்ததை வரைபடத்தில் குறித்துக்கொள்வோம், ஆனால் இடத்தை வெளியில் சொல்வதில்லை. காரணம் உங்களுக்கே புரியும்.

முட்டைக்கு எமன் வண்டல். மீன் இடம் தேடும்போது பார்ப்பது 10 முதல் 50 மில்லிமீட்டர் வரையான சரளை, அதன் இடுக்குகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு ஆக்ஸிஜன். சாலைப் புழுதியும் டயர்த் தூளும் இலைமக்கும் அந்த இடுக்கை அடைத்துவிட்டால் முட்டை உள்ளேயே மூச்சு முட்டிச் சாகும், மேலே இருந்து பார்க்கிற நமக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் கோடையின் கடைசியில், முட்டைக் காலத்துக்கு முன்னால், தோட்டத்து இரும்பு வாரியை எடுத்துக்கொண்டு இறங்கி இறுகிக் கிடக்கிற சரளையைக் கீறிவிடுகிறோம், கிளம்புகிற வண்டலை ஓட்டம் கொண்டுபோய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும். மொத்தமாகக் கீறினால் கீழே உள்ளவர்களுக்கு ஒரே கலங்கல். ஆற்றுக்குள் எந்த வேலை செய்வதானாலும் முதலில் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியிடம் கேட்க வேண்டும், சிலவற்றுக்கு எழுத்துபூர்வ அனுமதியே தேவை. அந்தப் படிவங்களை நிரப்புவதற்கென்றே கிளப்பில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் இருக்கிறார், அவர் இல்லையென்றால் எங்கள் பாதி வேலை நடந்திருக்காது.

ஓட்டமே இல்லாமல் அகலமாக, ஆழமில்லாமல், நேர்க்கோட்டில் கிடக்கிற பகுதிகள்தான் வாண்டிலில் அதிகம், ஆலைகளுக்காக அப்படி மாற்றிய ஆறு இது. அங்கே மரத்தைப் போட்டுத்தான் ஆற்றைச் சரிசெய்கிறோம். கரையோர வில்லோ மரத்தை அடியில் முக்கால்வாசி வெட்டி, முறித்துவிடாமல் தண்ணீர்ப் பக்கம் சாய்ப்போம். மீதி இருக்கிற பட்டை வழியாக மரம் உயிரோடு இருக்கும், கிளைகள் தண்ணீருக்குள் கிடக்கும். அதைச் சுற்றி ஓட்டம் வேகமெடுத்து ஒரு பக்கம் சரளையைக் கழுவும், மறுபக்கம் வண்டலைச் சேர்க்கும், மீன்குஞ்சுக்கு நாரையிடமிருந்து மறைவும் கிடைக்கும். இந்த வெட்டு வேலையை பிப்ரவரிக்குள் முடித்துவிட வேண்டும், மார்ச் வந்தால் பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும். ரம்பத்தைத் தொடுவது பயிற்சிச் சான்று உள்ளவர்கள் மட்டும், மற்றவர்கள் கயிறு பிடிப்பதோடு சரி.

இதைச் சொல்லும்போதே ஒன்று. புதிதாக ஆற்றைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் முதலில் கைவைப்பது கிளைகளில்தான். பார்க்க அசிங்கமாக இருக்கிறதல்லவா, இழுத்துக் கரையில் போட்டுவிட்டு ஒரு திருப்தி! தயவுசெய்து வேண்டாம். மரம் குப்பை இல்லை. அதில் சிக்கியிருக்கிற பிளாஸ்டிக்கை மட்டும் எடுங்கள்.

குப்பை எடுப்பது தனிக் கதை. சவுத் ஈஸ்ட் ரிவர்ஸ் டிரஸ்ட் என்கிற அமைப்பு, முன்பு வாண்டில் டிரஸ்ட் என்று இருந்தது, இந்த ஆற்றில் பல வருடங்களாக மாதம் ஒரு ஞாயிறு பொதுமக்களைக் கூட்டி இதைச் செய்துவந்திருக்கிறது, எங்கள் கிளப் ஆட்களும் அதில் போய்ச் சேர்ந்துகொள்வோம். மார்பு வரை வருகிற ரப்பர் உடை, தடித்த கையுறை, கயிற்றில் கட்டிய கொக்கி. அந்தக் கொக்கியை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நம் ஊர்க் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டியேதான், கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். தள்ளுவண்டி, சைக்கிள், டயர், கம்பளம், ஸ்கூட்டர், தலையணை என்று எல்லாம் வரும். கம்பளம்தான் மோசம், தண்ணீரும் மண்ணும் ஏறி நாலு பேர் இழுத்தாலும் அசையாது, தண்ணீருக்குள்ளேயே கத்தியால் கீறித் துண்டு துண்டாக எடுப்பதுதான் ஒரே வழி.

டயரையும் குழாயையும் வெளியே எடுத்தவுடன் குப்பை வண்டியில் போடாதீர்கள். உள்ளே விலாங்கு இருக்கும். ஐரோப்பிய விலாங்கு அழியும் ஆபத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கிற மீன், அதற்கு டயர் வீடு மாதிரி ஆகிவிட்டது. கரை ஓரத்திலேயே சாய்த்துப் பிடித்து உள்ளே இருக்கிற தண்ணீரை ஆற்றிலேயே வடியவிட்டு, தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் தூக்குங்கள். கையில் சிராய்ப்பு இருந்தால் நீர்புகாத பிளாஸ்டர் போட்டுத்தான் இறங்க வேண்டும். எலிக்காய்ச்சல் லண்டனிலும் உண்டு. கை கழுவாமல் சாண்ட்விச்சைத் தொட்டால் எங்கள் கிளப் செயலாளர் பிடுங்கியே விடுவார். வேலை முடிந்து ஒரு வாரம், இரண்டு வாரத்தில் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் டாக்டரிடம் ஆற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள், நீங்களாகச் சொல்லாவிட்டால் சாதாரண ஃப்ளூ என்று அனுப்பிவிடுவார்கள்.

கொக்கியில் அவ்வப்போது தேங்காயும் வரும். முழுத் தேங்காய், சில சமயம் மஞ்சள் துணியில் சுற்றி, கயிறு கட்டி. முதல் தடவை கரையில் இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்ன செய்ய, விளக்கினேன். இங்கே ஓடுகிற தண்ணீரில் விட்டால் புண்ணியம் என்று விடுகிறவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை, என் பாட்டி தாமிரபரணியில் விடாததா. தேங்காய் ஒன்றும் ஆற்றைக் கொல்லாது. அதோடு வருகிற பிளாஸ்டிக் பையும் சாயமேற்றிய துணியும் ஜரிகையும்தான் பிரச்சினை, அதை மட்டும் வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாமே என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வருகிறேன். சிலர் கேட்டார்கள், சிலர் முறைத்தார்கள்.

எனக்கு இந்தக் கிளப்பில் மிகவும் பிடித்த வேலை மாதம் ஒருமுறை செய்கிற பூச்சிக் கணக்கெடுப்பு. 2007 முதல் பிரிட்டனின் பல ஆறுகளில் தூண்டில்காரர்களே செய்கிற முறை இது, ஒருநாள் பயிற்சி போதும். ஆற்றின் ஒரே இடத்தில், மூன்று நிமிடம், காலால் கல்லைக் கிளறிக்கொண்டே கீழ்ப்பக்கம் ஒரு வலையைப் பிடிக்க வேண்டும். அப்புறம் ஒரு நிமிடம் கல்லைக் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும். கிடைத்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி எட்டு வகைப் பூச்சிகளை மட்டும் எண்ணுவோம். கூடு கட்டுகிற காடிஸ் புழு, கூடில்லாத காடிஸ், பல வகை மேஃப்ளை குஞ்சுகள், ஸ்டோன்ஃப்ளை, அப்புறம் காமரஸ் என்கிற நன்னீர்க் கூனி. 1 முதல் 9 வரை இருந்தால் ஒரு புள்ளி, 10 முதல் 99 வரை இரண்டு, 100 தாண்டினால் மூன்று, 1000 தாண்டினால் நான்கு. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அபாய அளவு வைத்திருப்பார்கள், கூட்டுத்தொகை அதற்குக் கீழே போனால் என்விரான்மென்ட் ஏஜென்சிக்குத் தகவல்.

தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்த நிமிடத்துத் தண்ணீரின் கதைதான் தெரியும். நேற்றிரவு யாராவது எதையாவது ஊற்றியிருந்தால் அது இந்நேரம் தேம்ஸுக்குப் போயிருக்கும். பூச்சி ஓடிப்போகாது, அது அங்கேயே கிடந்து சாகும், அதனால் அதன் எண்ணிக்கையில் போன சில வாரத்துக் கதை முழுக்க இருக்கும். ஒரு வசந்த காலத்தில் எங்கள் இடங்களில் ஒன்றில் மட்டும் கூனி திடீரென்று இறங்கிவிட்டது. அதற்குச் சற்று மேலே மழைநீர்க் குழாய் ஒன்று ஆற்றில் திறக்கிறது. மழையே இல்லாத நாளில் அதிலிருந்து மெலிதாக ஒரு ஒழுக்கு, சோப்பு வாசனையோடு. கிளப்பில் ஒரு பிளம்பர் இருக்கிறார், எட்டிப் பார்த்துவிட்டு, “இது யாரோ வீட்டு வாஷிங் மெஷின்” என்று சொல்லிவிட்டார். இங்கே பல தெருக்களில் நிலத்துக்கடியில் இரண்டு தனிக் குழாய்கள், ஒன்று கழிவுநீருக்கு, இன்னொன்று மழைநீருக்கு. மழைநீர்க் குழாய் நேராக ஆற்றுக்குப் போகும், நடுவில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டும்போது வேலைக்காரர் கிட்டத்தில் இருக்கிற குழாயில் இணைத்துவிடுவார், வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. தகவல் கொடுத்தோம், தேடிக் கண்டுபிடித்து இணைப்பை மாற்றப் பல மாதம் ஆனது, அதற்கப்புறம் கூனி மெதுவாகத் திரும்பியது. வீடு நீட்டிக் கட்டுகிறவர்கள் எந்தக் குழாய் எதற்கு என்று பில்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தெருவோர மழைநீர் வடிகாலில் பெயிண்ட் தூரிகையைக் கழுவுவது, கார் என்ஜின் எண்ணெயைக் கொட்டுவது எல்லாம் ஆற்றில் கொட்டுவதேதான்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒன்று. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் நாயின் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தில் ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் இருக்கின்றன. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 20 ஆறுகளின் மாதிரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஃபிப்ரோனில் இருந்தது. மருந்து விட்ட கையோடு நாயை ஆற்றில் நீந்தவிடாதீர்கள்.

ஏப்ரல் வந்தால் ஒருவழியாகத் தூண்டில். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரக்கிளை, கம்பிவேலி, பாலம், பின்னால் சைக்கிளில் போகிறவர்கள். நீளமான கோல் எடுபடாது, ஏழு அடிக் கோலும் மெல்லிய நரம்பும் போதும். கூனியைப் போல நூல் சுற்றிய 14, 16-ஆம் எண் கொக்கியை அடியோடு உருளவிட்டால் பெரும்பாலான நாள் ஏதாவது ஒன்று தொடும், அது ட்ரவுட்டாக இருக்கலாம், சப் மீனாகவும் இருக்கலாம். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவது கிளப் விதி. வலை ரப்பராக இருக்க வேண்டும், கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், வறண்ட கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். போட்டோ வேண்டுமென்றால் வலை தண்ணீருக்குள் இருக்கும்போதே எடுங்கள். எல்லா மீனையும் விட்டுவிடுவோம்.

இதைத்தான் பாலத்தில் நின்று பார்க்கிற நம் ஆட்களால் தாங்க முடிவதில்லை. “தம்பி, என்னப்பா புடிச்சதை விட்டுட்டே?” என்று பதறினார் ஒரு பெரியவர். “கிளப் விதிண்ணே, எடுக்கக் கூடாது” என்றேன். “அப்ப எதுக்குப் புடிக்கிறே?” இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. “பெடிங்டன் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணி இதுல கலக்குதுண்ணே, கோடையில ஆத்துல ஓடுறதுல பெரும்பங்கு அதுதான்” என்றதும், குழம்பு வைக்கிற யோசனையை அவரே கைவிட்டுவிட்டார்.

கோடையில் சட்டைப் பையில் வெப்பமானி வைத்திருப்பேன். தண்ணீர் 19 டிகிரியை நெருங்கினால் ட்ரவுட்டுக்குத் தூண்டில் போடுவதை நிறுத்திவிடுவோம், சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, போராடிக் களைத்த மீனை விட்டாலும் அது பிழைக்காது. ஊற்றுக்கண் பக்கத்தில் ஜூலையிலும் குளிர்ச்சியாக இருக்கும், கீழே வர வர சூடு. வறண்ட வாரங்களுக்குப் பின் வருகிற முதல் மழைதான் இன்னும் பயம். தெருவில் சேர்ந்த எண்ணெயும் டயர்த்தூளும் ஒரே நேரத்தில் இறங்கும், ஆறு கறுத்து வரும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். 2007 செப்டம்பரில் சுத்திகரிப்பு நிலையத்தைக் கழுவப் பயன்படுத்திய குளோரின் ஆற்றில் கலந்து ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தன, அதைப் பார்த்தவர்கள் கிளப்பில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் மழையைப் பார்க்கிற பார்வையே வேறு. அப்படி எதையாவது கண்டால் என்விரான்மென்ட் ஏஜென்சியின் அவசர எண் 0800 80 70 60, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். நேரம், இடம், தண்ணீரின் நிறம், வாசனை, மீன் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லி, அவர்கள் தருகிற பதிவு எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கரையோடு மேலே நடந்து எந்த இடத்துக்கு மேல் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள், அந்த ஒரு தகவல் அவர்களுக்குப் பாதி வேலையைக் குறைக்கும். தண்ணீரில் கை வைக்க வேண்டாம்.

ஜூனிலும் ஜூலையிலும் ஹிமாலயன் பால்சம் பிடுங்குவோம். நம் இமயமலைச் செடிதான், காசித்தும்பையின் உறவு, அழகுக்காக 1839-இல் இங்கே கொண்டுவந்தார்கள், இப்போது கரை முழுக்க அதுதான். மற்ற செடிகளை அமுக்கி வளர்ந்து குளிரில் மொத்தமாகச் செத்துவிடும், வெறும் மண் தெரியும், மழையில் அந்த மண் அப்படியே சரளை மேல். வேர் ஆழமில்லை, குழந்தைகள்கூடப் பிடுங்கலாம், காய் வெடிப்பதற்கு முன்னால் பிடுங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை, தொட்டால் விதை ஏழு மீட்டர் வரை தெறிக்கும். ஜயண்ட் ஹாக்வீட் என்று குடைபோலப் பூக்கிற பெரிய செடி ஒன்றும் உண்டு, அதை மட்டும் தொடவே தொடாதீர்கள், அதன் பால் பட்ட தோல் வெயிலில் கொப்பளித்துவிடும்.

கிளப்பில் ஓயாத ஒரு சண்டையும் இருக்கிறது, பண்ணை ட்ரவுட்டை வாங்கி விடுவதா வேண்டாமா என்று. 2015-க்குப் பிறகு இங்கே ஆற்றில் விடுகிற பண்ணை பழுப்பு ட்ரவுட், இனப்பெருக்கம் செய்ய முடியாத மீனாகவோ அந்த ஆற்று மீனின் வழி வந்ததாகவோ இருக்க வேண்டும், அதனால் காட்டு மீனோடு கலக்காது என்பது விட வேண்டும் என்கிறவர்களின் வாதம். கலக்காமல் இருக்கலாம், ஆனால் அதே கூனியைத்தானே தின்னும், அதே நிழலில்தானே நிற்கும்? கொழுத்த மீன் நிறைய அகப்பட்டால் குப்பை எடுக்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்பதும் என் சந்தேகம், அதை மட்டும் கூட்டத்தில் சொல்வதில்லை. இதுவரை விடவில்லை. வருடாந்திரக் கூட்டத்தில் மறுபடி கிளம்பும்.

சேர விரும்புகிறவர்களுக்கு: 13 வயதும் அதற்கு மேலும் ஆன யாரும் இங்கிலாந்தில் ஆற்றில் தூண்டில் போட அரசாங்க உரிமம் எடுத்தாக வேண்டும், 16 வயது வரை இலவசம், ஆனாலும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மேல் அந்தந்த இடத்தில் மீன்பிடி உரிமை யாருடையது என்று பார்த்து அவர்கள் அனுமதியையும் வாங்க வேண்டும். குப்பை எடுக்கவும் பால்சம் பிடுங்கவும் எந்த உரிமமும் வேண்டாம். நீங்கள் வேறு ஆற்றில் இறங்கிய பூட்ஸோடு வந்தால் மட்டும் மண் போகக் கழுவி, நன்றாகக் காயவைத்துவிட்டு வாருங்கள், ஓர் ஆற்றின் நோயும் களையும் இன்னோர் ஆற்றுக்கு அப்படித்தான் வருகின்றன. தண்ணீருக்குள் இறங்க பயமென்றால் கரையில் நின்று சாக்கு பிடிக்க எப்போதும் ஆள் தேவை. டீயும் கேக்கும் உண்டு. போன முறை நான் சுண்டல் கொண்டுபோனேன், முதலில் காலியானது அதுதான்.